டோலிக்கார நாகையாவும் ஊர் சுற்றிய மனமும்

புத்தூர்ப் பக்கம் ஏரி வற்றிப்போன ஒரு கிராமத்தில் பெண்டாட்டியை விட்டுவிட்டு, பிழைப்புக்காகத் திருப்பதிக்கு வந்தவன் நாகையா. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. திருமலைக்கு வண்டிப்பாதை கிடையாது, படிக்கட்டுதான். தெம்புள்ளவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறுவார்கள். முடியாதவர்களை டோலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவனாக மூங்கிலைத் தோளில் தாங்கித் தூக்கிப்போவார்கள். நாகையா முன்னால் போகிறவன். பின்னால் வருகிறவன் அவன் மச்சினன் கங்கையா.

தொழிலுக்கு வந்த புதிதில், தோளில் தோல் உரிந்து நின்ற நாகையாவுக்குக் கூட்டாளிகள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். “ஒடம்ப மலையில உடு. மனச ஊருக்கு அனுப்பிடு. வலி தெரியாது.”

சிலருக்கு அது பாதிதான் வரும். நாகையாவுக்கு முழுசாக வந்துவிட்டது. மலையடிவாரத்து அலிபிரியில் மூங்கிலைத் தோளில் வைத்தானானால் ஆள் அங்கே இல்லை. கால் தானாக ஏறும், வாய் தானாக “ஹூம்” என்னும். டோலிக்காரர்களுக்கு அந்த ஹூம்தான் தாளம். முன்னவன் ஒரு ஹூம், பின்னவன் ஒரு ஹூம், அந்த மூச்சில் இரண்டு பேர் காலும் சேர்ந்து விழும். மனசு மட்டும் ஏரிக்கரையிலோ நகரிச் சந்தையிலோ சுற்றிக்கொண்டிருக்கும்.

வெளியே போய்ப் பழகின மாடு கட்டுத்தறியில் நிற்குமா? ஊருக்குப் போகிற நாட்களிலும் அவன் மனசு வீட்டில் தங்கவில்லை. பெண்டாட்டி செங்கம்மா களியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கன்று போட்ட கதை, பங்காளிச் சண்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். எல்லாவற்றுக்கும் அவன் ஹூம் கொட்டுவான்.

“இந்தாய்யா, நீ வந்துகீறியா, இல்ல உன் துண்டு மட்டும் வந்துகீதா?” என்பாள்.

“ஹூம்” என்பான்.

செங்கம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? மாதத்தில் ஒரு நாள் வருகிற புருஷன், அந்த ஒரு நாளும் வராவிட்டால் ஒருத்தி சிரிக்கலாம், இல்லை அழலாம். அவள் சிரிக்கிற ஜாதி.

சித்தூரில் தாமோதரன் என்று ஒரு வக்கீல் இருந்தார். யோக சாஸ்திரத்தில் பித்து. விடிகாலையில் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்குகிறவர், ஆனால் முழங்கால் மட்டும் அவருக்கு அடங்காது. அதனால் வருஷாவருஷம் நாகையாவின் டோலிதான். ஒரு தடவை செங்குத்தான ஏற்றத்தில் நாகையாவின் தோளில் ரத்தம் கசிவதைப் பார்த்துப் பதறி, “வலிக்கலையாப்பா?” என்று கேட்டார். நாலாவது தடவை கேட்டபோதுதான் நாகையா திரும்பினான். “எந்த வலி சாமி?”

வக்கீலுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மேலே போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம், “உடம்பு வேறு, தான் வேறு என்று அறிந்தவன் இவன். நாம் பத்மாசனம் போட்டுத் தேடுகிறதை இவன் மூங்கிலைத் தூக்கியே பிடித்துவிட்டான்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நாகையாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டான்.

“அந்த வக்கீலு உன்கூட ஒரு மாசம் குடித்தனம் பண்ணிப் பாக்கட்டும். அப்பறமா சொல்லட்டும், நீ சாமியாருன்னு” என்றாள் செங்கம்மா.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. மலையேறிச் சாமியைப் பார்க்கவேண்டும். புரட்டாசிக் கூட்டம் முடியட்டும் என்பான், மாசி வரட்டும் என்பான். உலகத்தையே தூக்கிக்கொண்டுபோய்ச் சாமியிடம் விட்டவன், கட்டினவளுக்கு மட்டும் நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்துக்கொண்டே இருக்கையில் அவளுக்கு நெஞ்சில் நோவு கண்டது. கால் வீங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு முட்டியது. பார்த்த வைத்தியர் மருந்துப் பேச்சை விட்டுவிட்டு, அவள் ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்றார். அப்போதுதான் நாகையாவுக்கு உறைத்தது.

தானும் கங்கையாவுமாக அவளை டோலியில் ஏற்றினார்கள். “ஒரு நாளாவது என்னியத் தூக்கினு போறியே” என்று அந்த மூச்சிலும் கேலி செய்தாள். இன்றைக்கு மனசை எங்கும் விடக்கூடாது என்று நாகையா நிஜமாகவே நினைத்துக்கொண்டான். பாதி வழியிலுள்ள காலி கோபுரம் வரைக்கும் அப்படித்தான் வந்தான். அப்புறம் பழக்கம் இழுத்தது. மனசு எங்கே போயிற்று தெரியுமா? செங்கம்மாவுக்குச் சாமியைக் காட்டிவிட்டேன் என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கப் போயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டே, அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

மோகாள்ள மெட்டு என்று ஓர் ஏற்றம் உண்டு, முழங்கால் மார்பில் இடிக்கும். அங்கே பின்னால் வருகிறவன் பேசக்கூடாது என்பது டோலிக்காரர்கள் கட்டுப்பாடு. பேச்சுக் கேட்டு முன்னவன் சடக்கென்று நின்றால் மூங்கில் நழுவும், ஆள் உருண்டுவிடும். நிறுத்துவதும் இறக்குவதும் முன்னவன் சொல்தான்.

அந்த ஏற்றத்தில் செங்கம்மா கூப்பிட்டாள். “இந்தாய்யா... எறக்கு. உன் மொகத்தப் பாக்கணும் போலகீது.”

“ஹூம்” என்று முன்னாலிருந்து வந்தது. கால் நிற்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். குரல் இறங்கிப்போயிருந்தது. அதற்கும் ஹூம்தான். மாமன் காதில் விழுந்துவிட்டது, சமதரை வந்ததும் இறக்குவார் என்று கங்கையா வாயை மூடிக்கொண்டு ஏறினான்.

சமதரையில் இறக்கினபோது செங்கம்மாவின் தலை கயிற்றில் சாய்ந்திருந்தது. மூச்சு இல்லை.

“ரெண்டு தபா கூப்ட்டுச்சே மாமா! நீ ஹூம்னியே!” என்று கங்கையா மாரில் அடித்துக்கொண்டான்.

“எப்ப? எப்பக் கூப்ட்டா? இன்னா சொன்னா?” என்றான் நாகையா. கங்கையா சொன்னான். நாகையா தனக்குள் துழாவித் துழாவிப் பார்த்தான். அந்தக் குரல் அவனிடம் இல்லை. இருந்து கேட்டிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்? புருஷன் கேட்டான், கேட்டும் நிற்காமல் போனான் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் உயிர் போயிருக்கும். யாரும் போய் அவளிடம் அப்படியில்லை என்று சொல்ல முடியாது. போய்ச் சொன்னாலும், அவன் கேட்கவே இல்லை என்பது அதைவிட மோசம்.

சவத்தை மேலே கொண்டுபோகக் கூடாது. திருப்பினார்கள். “நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்” என்றான் நாகையா. அவள் முகம் அவனைப் பார்த்தபடி இருக்கும்படி சாய்த்துக் கட்டினான். அவன் ஒரு ஹூம்கூடச் சொல்லவில்லை.

இறங்குகிற ஒவ்வொரு படியும் அவனுக்குத் தெரிந்தது. வெயிலில் காய்ந்த கல் உள்ளங்காலைச் சுட்டது தெரிந்தது. மூங்கில் தோளை அறுத்தது; இத்தனை வருஷத்து வலியும் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது. மூச்சு உள்ளே போவது, நிற்பது, வெளியே வருவது எல்லாம் தெரிந்தது. பழக்கத்தில் மனசு எங்காவது போகப் பார்த்தது. போக இடமில்லாமல் அந்த முகத்துக்கே திரும்பி வந்தது. பிறகு போகப் பார்ப்பதையும் விட்டுவிட்டது. துக்கம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஓர் அசையாத அமைதி இருந்தது. அழுகிறவனையும் நடக்கிறவனையும் பார்த்துக்கொண்டு ஒருவன் உள்ளே விழித்திருந்தான். சாஸ்திரத்தில் சாட்சி என்று சொல்வது இதுதான் என்றால் இதுதான். இந்த விலைக்கு அதை யார் வாங்குவார்கள்? நாகையா அந்த விழிப்பை வெறுத்தான். இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அதைத் திட்டிக்கொண்டேதான் மலை இறங்கினான்.

ஆனால் வந்தது போகவில்லை. அதற்குப் பிறகும் டோலி தூக்கினான். மனசை அனுப்ப மட்டும் முடியவில்லை. டோலியில் இருப்பவர் லேசாக முனகினாலும் மூங்கிலைப் பதனமாக இறக்கி, “இன்னா சாமி, கூப்ட்டீங்களா?” என்று முன்னால் வந்து நிற்பான். சவாரி தாமதமாகிறது என்று கூட்டாளிகள் ஏசினார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் புளியமரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஜனங்கள் போகிறபோக்கில் கும்பிட ஆரம்பித்தார்கள்.

இடையில் வராதிருந்த வக்கீல் தாமோதரன் ஒரு பங்குனியில் வந்தார். டோலியில் அவர் லேசாக முனகியதற்கே நாகையா இறக்கிவிட்டு எதிரே வந்து நின்றதைப் பார்த்தார். “அப்போ நான் தப்பாச் சொல்லிட்டேன் நாகையா. அன்னிக்கு நீ இல்லாம இருந்தே, அதைப் போய் யோகம்னு நினைச்சேன். இப்பத்தான்யா நீ இருக்கே. எனக்கு இவ்வளவு வருஷமா வராதது உனக்கு எப்படி வந்தது?” என்றார். குரலில் பொறாமைகூட இருந்தது.

நாகையா கும்பிடவில்லை, கோபப்படவும் இல்லை. நிதானமாகச் சொன்னான்.

“சாமி, அவ கூப்ட்டப்ப நான் அங்க இல்ல. இப்ப எந்நேரமும் இங்கியேதான் கீறேன். கூப்புட அவதான் இல்ல.”