சுமார் மேடத்தின் பூஜ்யம்

பக்கத்து வீட்டு மேடம் எங்கள் வீட்டு வாசலில் நின்று செருப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். காலையில் ஆபீசுக்குப் புறப்படும்போது இது நடக்காமல் இருக்காது.

"வழக்கமா மூணு ஜோடி. இன்னைக்கு அஞ்சு. ரெண்டு உபரி," என்கிறார் தன் கணவரிடம். "இவங்க மச்சினர் வந்திருக்கார், பெண்டாட்டியோட."

வந்திருந்தார்கள். கதவைத் தட்டி யார் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் தொழிலுக்கு இழுக்கு.

தொழில், சாவைக் கழித்துப் பார்ப்பது. புள்ளிவிவர அலுவலகத்தில் இறப்புப் பிரிவு அவர் பொறுப்பு. அங்கேயும் பக்கத்து மேசை என்னுடையது. ஒரு மாதத்தில் வழக்கமாக இத்தனை பேர் இறப்பார்கள். தொற்று பரவிய பிறகு அதே மாதத்தில் இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள். கழித்தால் வருவது உபரி. "யாருக்கு என்ன வியாதின்னு டாக்டருங்க சண்டை போட்டுக்கட்டும். எனக்குச் செருப்புக் கணக்கு போதும்."

சங்கடம் என்னவென்றால், தொற்றுக் காலத்தில் பாதி ஊர்களிலிருந்து கணக்கே வரவில்லை. வராததை ஊகிக்க வேண்டும். ஊகித்து ஊகித்து, ஒற்றை எண் சொல்லும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று. ஆபீசில் அவருக்குப் பெயர் 'சுமார் மேடம்'. வீட்டிலும் நிலைமை அதுதான்.

"டீ எத்தனை டம்ளர் வைக்கட்டும்?" என்பார் கணவர்.

"ரெண்டுலேருந்து நாலு."

"வீட்ல இருக்கறது நாம ரெண்டே பேர்தானே?"

"அது இப்போதைக்குத் தெரிஞ்ச வரைக்கும்."

கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாரோ கேட்டதற்கு, "இருபத்தாறுலேருந்து இருபத்தெட்டு இருக்கும்" என்று மேடம் சொன்னதும், கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

கணக்கு வராத ஊர்களுக்கு வேறு வழியில் துப்பு தேடுவார். ஒருமுறை இடுகாட்டுக் காவலருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

"வழக்கமா வாரத்துக்கு எத்தனை குழி வெட்டுவீங்க?"

"வழக்கமெல்லாம் மலையேறிப் போச்சும்மா. உங்களுக்கு எத்தனை வேணும், அதைச் சொல்லுங்க."

"ஒண்ணுலேருந்து மூணு," என்றார் மேடம், பழக்கதோஷத்தில்.

"வீட்ல பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கம்மா," என்று அவர் வைத்துவிட்டார்.

இயக்குநர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். "மேடம், வெளிய நிருபர்கள் நிக்கறாங்க. ஒரு நம்பர் சொல்லுங்க."

"எட்டாயிரத்துலேருந்து பதினோராயிரம் சார்."

"நடுவுல ஒண்ணு சொல்லுங்களேன்!"

"நடுவுல நிறைய இருக்கு சார்."

இயக்குநருக்கு ஆறுதலாக இருந்தது ஓர் ஆற்றங்கரை ஊர். தொற்று வந்த மூன்று மாதமும் இறப்பு பூஜ்யம் என்று கணினி காட்டியது. பூரித்துப்போய் அந்த ஊருக்குக் கேடயம் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை விழா.

"மாசம் முப்பத்தஞ்சுலேருந்து நாப்பத்தஞ்சு பேர் போற ஊர் சார் அது," என்றார் மேடம். "தொற்றை விடுங்க. தொண்ணூறு வயசுக்காரங்க கூடவா கேடயத்துக்காக மூச்சைப் பிடிச்சிட்டு இருக்காங்க?"

"கம்ப்யூட்டர் சொல்லுதே மேடம்."

"மேடையில ஒரு தடவை படிச்சிட்டா அப்புறம் அது பூஜ்யம்தான் சார். செத்தவங்களை யாரும் திரும்ப எண்ண மாட்டாங்க."

"வியாழக்கிழமைக்குள்ள நிரூபிங்க," என்றார் இயக்குநர்.

அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு மேடம் போன் போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் எடுத்தார்.

"பதிவு பண்றவர் இல்லைம்மா."

"எப்ப வருவார்?"

"இனிமே எங்க வரப்போறார்? காய்ச்சல் வந்து ஆரம்பத்துலயே போயிட்டார். அதுலேருந்து அவர் ரூம் பூட்டிக் கிடக்கு. ஜனங்க வந்து நின்னு பார்த்துட்டுப் போயிடறாங்க."

"அவர் சாவையாவது யாராவது பதிஞ்சாங்களா?"

"அதையும் அவர்தானேம்மா பதியணும்?"

அறையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மேடம் கணினிப் பிரிவுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமே அனுப்பாத ஊருக்குப் பூஜ்யம் எப்படிய்யா வந்துச்சு?"

"கட்டம் காலியா வந்தா பூஜ்யம் போட்டுக்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? கூட்டுத்தொகை வரலைன்னு அன்னைக்கு என்ன சத்தம் போட்டீங்க!"

ஆபீசில் மேடம் உறுதியாகச் சொன்ன ஒரே எண் அந்தப் பூஜ்யம்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கும் அன்றைக்குத்தான்.

விழா நின்றது. மொத்த எண்ணிக்கை ஏறியது. இயக்குநர் முகம் இறங்கியது. கேடயம் இப்போது எங்கள் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. உருப்படியான உத்தியோகம்.

அந்த வியாழக்கிழமை மாலையே மேடம் அந்த ஊரின் கட்டங்களைத் திருத்தினார். பூஜ்யத்தை அழித்தார், அவர் போட்ட சட்டப்படி அது திரும்பவும் வந்து உட்கார்ந்தது. இன்னொரு தடவை அழித்தார். இன்னொரு தடவை வந்தது. கணினிப் பிரிவுக்காரர் வந்து சட்டத்தை எடுத்துவிட்ட பிறகே அடங்கியது. 'மதிப்பீடு' என்ற கட்டத்தில், வழக்கம்போல, நூற்றிருபது முதல் இருநூற்றைம்பது வரை என்று தாராளமாக நிரப்பினார்.

கடைசிக் கட்டம், 'உறுதியானது'. அதில் அந்தப் பதிவாளருக்காக 1 என்று தட்டினார். பழக்கத்தில் அவர் விரல், 'முதல்–வரை' போடும் கோட்டு விசைக்குப் போனது. அங்கேயே சற்று நின்றது. பிறகு அழுத்தாமல் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.