வரிசையில் வைத்த போன்

வந்துவிட்டது. போன வியாழக்கிழமை காலை, நான் பல் தேய்த்துக்கொண்டு இருந்தபோது வந்தது... அப்டேட்!

வாயில் நுரையோடு ஓடினேன். டிவி ஸ்டாண்டில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில், சார்ஜரோடு கிடந்தது என் மனைவி கஸ்தூரியின் போன். ‘புதிய பதிப்பு தயார். இப்போது நிறுவலாமா?’ என்று மரியாதையாகக் கேட்டது. இருபத்து மூன்று நாள் கழித்து என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செஞ்சியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். என் கவலைகளைப் படித்துச் சிரித்ததாக நிறைய பேர் எழுதுகிறீர்கள். இந்த வாரம் சிரிப்பு வருமா... தெரியவில்லை.

கஸ்தூரிக்கு இரண்டு காதும் மந்தம். மூன்று வருஷமாகக் காது மெஷின். போனோடு சேர்ந்து வேலை செய்கிற ரகம் அது — கூப்பிடுகிறவர் குரல் நேராகக் காதுக்குள்ளேயே விழும். பெங்களூரில் இருக்கிற எங்கள் பெண் மீனா தினமும் மத்தியானம் கூப்பிடுவாள். கஸ்தூரி பின்பக்கம் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்வாள். அரை மணி, முக்கால் மணி. அம்மாவும் பெண்ணும் என்ன பேசுவார்கள்? எனக்குத் தெரியாது. தெரியாததால் வீடு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் ஒரு அப்டேட் வந்தது. கேட்காமலே வந்தது. அன்றிலிருந்து போனுக்கும் மெஷினுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காதுக்குள் கொர்ரென்று இரைச்சல் மட்டும். ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்தால்தான் கஸ்தூரிக்குக் கேட்கும். அவளுக்குக் கேட்டால் எனக்கும் கேட்கும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், ரோட்டில் போகிற பால்காரருக்கும் கேட்கும்.

போன் வாங்கிய கடைக்கு ஓடினேன். அங்கே வேலை பார்க்கிற சுமதி வாங்கிப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் இந்தப் பிரச்சனை இருக்குது சார். சரி பண்ணி அடுத்த அப்டேட் விட்டுட்டாங்க.”

“அப்ப போட்டுக் குடும்மா.”

“உங்களுக்கு இன்னும் வரல சார். படிப்படியாத்தான் விடுவாங்க. முதல்ல கொஞ்சம் பேருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா மத்தவங்களுக்கு.”

“வரிசையில நம்ம நம்பர் இன்னா?”

“நம்பர்லாம் கிடையாது சார். வைஃபைல போட்டு சார்ஜ்ல வைங்க. வரும்.”

நம்பர் இல்லாத வரிசை! முன்னால் யார், பின்னால் யார், கவுன்ட்டர் திறந்ததா, மூடியதா... ஒன்றும் தெரியாது. நான் ரிப்பேர் செய்த மிக்ஸியை இப்படிக் கொடுக்க முடியுமா? ‘முதல் வாரம் பத்து வீட்டுக்கு மட்டும்தான் சட்னி அரைக்கும், உங்க வீட்டுக்குப் படிப்படியா அரைக்கும்’ என்று சொன்னால், ஜாரையே எடுத்து என் தலையில் போடுவார்கள். போடவும் வேண்டும்.

மூன்றாம் நாள் அவலூர்பேட்டையிலிருந்து மச்சான் பேசினார். கஸ்தூரியின் அண்ணன். அதே கடையில், அதே நாளில், அதே போனை வாங்கியவர்.

“இன்னா மாப்ளே, எனக்கு வந்துட்ச்சு. உனக்கு வரலியா? ஆதார் லிங்க் பண்ணியா பாரு!”

“உங்க காது நல்லாத்தானே இருக்குது மச்சான். உங்களுக்கு எதுக்கு அது?”

“எனக்கு எதுக்குன்னு எனக்கே தெரியல. வந்துட்ச்சு, போட்டுக்கினேன். ராசி இருக்கணும் மாப்ளே!”

அவர் போனில் பார்ப்பது காய்கறி விலையும் ராசிபலனும்தான். அவருக்கு மூன்றாம் நாள். காது கேட்காதவளுக்கு எப்போது? யாரைப் போய்க் கேட்பது?

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

ரேஷன் கடையில் நாம் என்ன செய்வோம்? பையை வரிசையில் வைப்போம். பை அங்கே இருக்கிற வரைக்கும் இடம் நம்முடையது. எடுத்தால் போச்சு. சின்ன வயசிலிருந்து நான் கற்ற ஒரே சட்டம் அது. வைஃபையில் போட்டு வை என்று சுமதி சொன்னாளா... போன் அங்கிருந்து நகர்ந்தால் இடம் போய்விடும் என்று என் மனதில் உட்கார்ந்துவிட்டது. ஹாலை விட்டு அந்தப் போன் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டேன். துவைக்கிற கல்லுக்குக்கூட.

ஆகவே மீனா கூப்பிட்டால் ஹாலில், ஸ்பீக்கரில், என் முன்னால்.

“நல்லா இருக்கேம்மா. சாப்டியா? நைனா சாப்டாரா? வேற ஒண்ணுமில்ல. வெச்சிடட்டுமா?”

முக்கால் மணி நேரம் பேசுகிறவள் இரண்டு நிமிஷத்தில் வைத்தாள். தினமும். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஏதோ சரியில்லை. என்னவாக இருக்கும்? மாப்பிள்ளையோடு சண்டையா? வேலை போய்விட்டதா? கவலைப்பட்ட மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“ஏங்க, கடைக்குப் போய் கொஞ்சம் புளி வாங்கிட்டு வாங்களேன்” என்றாள் கஸ்தூரி ஒருநாள், போன் அடிக்கும்போது.

“புளி இருக்குதே” என்று டப்பாவைத் திறந்து காட்டினேன்.

மீனா மெசேஜ் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எந்தப் போன் டிங் என்றாலும் முதலில் எடுத்துப் பார்ப்பது யார்? நான்தான். அது அவளுக்குத் தெரியும்.

எட்டாம் நாள் கஸ்தூரி சொன்னாள், “மனசு சரியில்லங்க. நான் பெங்களூருக்கு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

“போனை எடுத்துக்கினு போனா வரிசை போயிடும். விட்டுட்டுப் போனா வழியில உன்னை எப்படிப் புடிக்கிறது? ரெண்டு நாள் பொறு. அப்டேட் வந்துடும். அப்புறம் அவளே உன் காதுல எல்லாத்தையும் சொல்லுவா.”

பொறுத்தாள். இரண்டு நாள், நாலு நாள், பதினைந்து நாள். நான் கடைக்குப் போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். ‘உங்கள் சாதனம் தற்போதைய நிலையில் உள்ளது.’ எந்த நிலையில் உள்ளது என்று எனக்குத்தானே தெரியும்!

வியாழக்கிழமை வந்தது. பத்து நிமிஷம் சுற்றியது. அணைந்து எரிந்தது. கஸ்தூரி மெஷினை மாட்டினாள், கண்ணை மூடிக் கேட்டாள், “இரைச்சல் இல்லங்க” என்றாள். போனைப் பிடுங்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு.

எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

“ம்... ம்... எப்போ?... கூட யாரு இருந்தா?... ஏண்டி சொல்லல?”



உள்ளே வந்தாள்.

“இன்னா சொன்னா?”

“நல்லா இருக்காளாம்” என்றாள். பரணிலிருந்து பையை இறக்கினாள். புடவைகளை மடித்துக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மீனாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இந்தத் தடவைதான் கரு நின்றிருக்கிறது. இரண்டு மாசம். முதலில் அம்மா காதில் மட்டும் சொல்ல வேண்டும், மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் மற்றவர்களுக்கு என்று வைத்திருந்திருக்கிறாள். ஸ்பீக்கரில் எப்படிச் சொல்வாள்? காத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் கலைந்துவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மாப்பிள்ளைக்கு ஒரு நாள்தான் லீவு. இன்னொரு நாள் தனியாக. “வீட்டுக்குச் சொல்லிடாதீங்க, ஸ்பீக்கர்ல அம்மா அழறதை என்னால கேக்க முடியாது” என்று அவர் வாயையும் அடைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எங்களுக்குப் போனும் பேசியிருக்கிறாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். “எங்கம்மா இருக்கிற?” என்றேன். “பேங்க்ல நைனா” என்றாள். நான் நம்பினேன். செலானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்!

கஸ்தூரி பையின் ஜிப்பை இழுத்தாள். எப்போதும் என்னை ‘ங்க’ போட்டுப் பேசுகிறவள்.

“எனக்குத்தான் காது கேக்காது. உனக்கு நல்லாத்தானே கேக்குது? இத்தினி நாளா இன்னா கேட்ட நீ?”

இதைப் பத்தியில் எழுதலாமா என்று மீனாவிடம் கேட்டேன். “எழுது நைனா” என்றாள். “எப்படியும் ஊரே கேக்கத்தானே ஸ்பீக்கர்ல போட்ட.” சிரித்த மாதிரிதான் சொன்னாள். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

அந்தக் கம்பெனியைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்டேட் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று தீர்மானிக்கிறவன் கஸ்தூரியின் காதைப் பார்த்ததே இல்லை. திட்டலாம். ஆனால் பையை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருந்தவன் யார்?

அந்த வியாழக்கிழமை, நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். “நீ வீட்ல இரு. போன்ல சொல்றேன்” என்றாள்.

பையைத் தூக்கிக்கொண்டு கூட்ரோடு வரைக்கும் கூடப் போனேன். பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூர் போகிற பஸ் வந்தது. கஸ்தூரி கை காட்டினாள்.

அந்த இருபத்து மூன்று நாளும் அது இதே ரோட்டில்தான் போயிருக்கிறது. கை காட்டினால் நிற்கும்.