லொரைன் மேடம் பெயர் இருந்த வரி

நேற்று காலை இஞ்சி டீயோடு உட்கார்ந்து வாட்ஸ்அப்பைத் திறந்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். குவைத்தில், ஃபஹாஹீல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவர்களின் குழுவில் ஒரு வீடியோ. எங்கள் பழைய மேனேஜர் பொன்னாடையோடு மேடையில் நிற்கிறார். ஆஸ்பத்திரியின் இரத்ததானப் பட்டியலுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவராம். இந்த மனிதருக்கு ஒரு ஃபைலைத் திறந்து கொடுக்கவே நான்தான் ஓட வேண்டியிருக்கும்.

எழுதியது லொரைன் மேடம். அமெரிக்காவிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். தன் ஊர் அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண். அவர் வந்த அன்று இந்த மேதாவி என்ன செய்தேன் தெரியுமா? கிளீனிங் ஆள் என்று நினைத்து, நான் குடித்து முடித்த டீ கப்பை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். கழுவித் துடைத்து என் மேஜையில் வைத்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். அது இன்றும் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

“எங்க ஊர் ஆபீஸ்லயும் முதல் நாள் கையில துடைப்பத்தைத்தான் குடுத்தாங்க. அவங்க வெள்ளைக்காரங்க. நீ என் நிறம்தானே?”

வெள்ளிக்கிழமை லீவில் லேபர் கேம்ப்புகளுக்குப் போவார். பாவமன்னிப்பு மாதிரி நானும் கூடவே போவேன். ரூம் ரூமாக ஏறி இரத்த வகையை எழுதுவோம். “மேடம், டீ குடிச்சிட்டுத்தான் போகணும்” என்று மறிப்பார்கள். அங்கே யாரும் அவர் கையில் காலி கப்பைக் கொடுக்கவில்லை.

கட்டட சைட்டில் சாரம் சரிந்து விழுந்த அரியலூர்க்காரர் ஒருவருக்குக் எளிதில் கிடைக்காத வகை இரத்தம் வேண்டியிருந்தது. புரோகிராமில் தட்டியதும் பக்கத்து கேம்ப் டிரைவர் ஒருவரின் பெயர் வந்தது. அரியலூர்க்காரர் பிழைத்தார். மேடம் அன்று அழுதார்.

அந்தப் புரோகிராமைத் திறந்தால் திரையின் முதல் வரியில் அவர் பெயர் வரும். அவர் ஊர் திரும்பிய மறுவாரமே மேனேஜர் கூப்பிட்டார்.

“அந்த வரியை எடுத்துட்டு என் பேரைப் போடுய்யா. உன் விசா ரினியூவல் பேப்பர் என் டேபிள்லதான் கிடக்கு.”

மிரட்டியவரும் நம் ஊர்க்காரர்தான். போட்டேன். அவரைத் திட்ட ஆரம்பித்தால் என்னிடம்தான் வந்து முடிகிறது.

நேற்று ஆத்திரம் தாங்காமல் குழுவில் தட்டிவிட்டேன்: “இதை எழுதியவர் லொரைன் மேடம். பெயரை அழித்தவன் நான்.” ஐந்து நிமிடத்தில் துபாயிலிருந்து மகன் கூப்பிட்டான்.

“அப்பா, நீங்க குரூப்ல போட்டதை ஆபீஸ்ல காட்டினாங்க. ப்ளீஸ், அதை எடுத்துடுங்க. உங்க பழைய மேனேஜர்தான் இப்ப எங்க கம்பெனி எம்டி.”

எடுத்துவிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர்களை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். மேடம் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. குழுவில், கைதட்டும் பொம்மைகளுக்கு நடுவே, ஒரு செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி கிடக்கிறது. அன்று நான் அழித்தபோது இப்படி ஒரு வரிகூட மிஞ்சவில்லை.