பாட்டின் கீழ்ப்பாதி

எங்கள் மாடிப்படியில் ஒருநாள் என் பாட்டு எனக்கு எதிரே ஏறி வந்தது. கீழ்வீட்டுப் பெண்மணி ஃப்ராவ் வெபர் ஒரு கையில் ரொட்டிப் பையோடு, மூடிய வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு வந்தார். வணக்கம் சொல்லி இரண்டு படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த வாரம் முழுக்க வீட்டில் வாசித்துப் பழகிய பேஸ் கிட்டார் பகுதி அது. மெட்டு இல்லை, சொல் இல்லை, அடியில் ஓடும் கனத்த சுரங்கள் மட்டும். லைப்சிக் நகரத்து எங்கள் பழைய கட்டடம் மற்ற எல்லாவற்றையும் தடுத்து வைத்துக்கொண்டு, என்னை மட்டும் கீழே அனுப்பியிருக்கிறது.

ஜெர்மனியில் ஞாயிறு என்றால் ருயட்சைட், அதாவது அமைதி நேரம். ஆணி அடித்தாலே அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமையும் வாசித்திருந்தேன். எனவே திரும்பி ஏறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேகமாக ஏதோ சொன்னார். பாதி புரியவில்லை, புரியாத பாதி திட்டாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அக்கா கொடுத்தனுப்பிய நேந்திரங்காய் வறுவலை மறுநாள் சமாதானமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மின்சாரத்தில் இணைக்காமலே வாசித்தேன். கொஞ்ச நாள் கழித்து அவரே கதவைத் தட்டினார். உங்களுக்கு உடம்பு சரியில்லையா, அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று அன்றைக்கே கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்றார். பாடலை நான் முழுதாகப் போட்டுக் காட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு சத்தம் எதற்கு என்று கேட்டார். கீழ்வீட்டில் கேட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஊரில் கதை நேர்மாறு. நான் தயாரித்த பாடல், வாசித்த பாடல் எல்லாவற்றையும் அம்மாவின் கைபேசிக்கு அனுப்புவேன். மேசைமேல் கைபேசியை வைத்து அம்மா கேட்பார். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பாடகர் குரல் கேட்கும், கிட்டார் கேட்கும், சிம்பல் தட்டு சிலுசிலுக்கும். பேஸ் வராது. வர இடமில்லை.

“நல்லா உண்டு மக்கா. நீ இதில எங்க வாற?”

“முழுசும் நான்தான் இருக்கேன் அம்மா.”

“எனக்கு கேக்கேல்லியே” என்பார், ஏதோ தன் தப்புபோல. காதில் மாட்டும் ஹெட்ஃபோன் அனுப்பினேன். தலை கனக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். மகன் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறான் என்று ஊருக்கே தெரியும். எந்தச் சத்தம் அவனுடையது என்று பெற்றவளுக்குத் தெரியாது. எனக்கு விருதும் பட்டயமும் வேண்டியதில்லை. அம்மா ஒரே ஒரு தடவை நான் வாசிப்பதைக் கேட்க வேண்டும், அது நானென்று அவருக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருடத்தில் நான் உண்மையாக ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஊர் என்று நான் சொல்வது கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பூவார் போகும் வழியில் உள்ளே ஒதுங்கிய ஒரு கிராமம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், தேவாலயத்தில் காலை ஆராதனை தமிழிலும் அடுத்தது மலையாளத்திலும். அம்மா அங்கே தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருந்தார். ஓய்வு பெற்று நாளாகியும் எல்லோருக்கும் இன்றும் டீச்சர்தான். பேருந்து ஏறித் திருவனந்தபுரம் போனால் எங்களைப் பாண்டி, அதாவது தமிழ்நாட்டான், என்பார்கள். மறுபக்கம் நாகர்கோவில் போனால் மலையாளத்தான் என்பார்கள். எங்கே போனாலும் பக்கத்து மாநிலத்தவனாக இருந்து பழகியவனுக்கு ஜெர்மனி அப்படியொன்றும் அதிர்ச்சி தரவில்லை. வெளிநாட்டில் வேரறுந்துபோய்விட்டேன் என்று புலம்பும் நண்பர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

எங்கள் சபையில் கீர்த்தனை பாடுவதற்கு யாரும் எழுதிவைக்காத ஒரு முறை உண்டு. ஒரு வரியின் கடைசிச் சுரத்துக்கு வந்ததும் எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். பின்பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் இன்னும் இரண்டு சொல் பின்னால் வந்துகொண்டிருப்பார். அவரும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த வரி. அதுவரை சுரத்தைத் தாங்கிப் பிடிப்பது ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையின் வேலை. குரல் உடைந்த பையன்களை அந்த வரிசைக்குத்தான் தள்ளுவார்கள். நானும் அப்படித் தள்ளப்பட்டவன். பாடத் தெரிந்ததால் அல்ல, பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்ததால் அங்கே தங்கிவிட்டேன்.

கல்லூரிக்குத் திருவனந்தபுரம் போனபோது மலையாளி நண்பர்கள் நான்கு பேர் ராக் குழு தொடங்கியிருந்தார்கள். எல்லோரும் லீட் கிட்டார் வாசிக்க விரும்பினார்கள். பேஸ் வாசிக்க ஆளில்லை. பாண்டிக்குப் பேஸ் என்று கொடுத்துவிட்டார்கள். கல்லூரி விழாக்களில் வாசித்தோம், பிறகு கொச்சியிலும் பெங்களூரிலும் கிளப்புகளில் வாசித்தோம். அம்மா ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. “அந்தக் கூச்சலுக்க எடையில நான் எங்க வந்து இருக்க?” என்பார். நண்பர்கள் ஒவ்வொருவராக மென்பொருள் கம்பெனிகளுக்கும் கல்யாணத்துக்கும் போய்விட, நான் ஒலிப்பதிவு படிக்க லைப்சிக் வந்தேன்.

வந்த புதிதில் உள்ளூர் ராக் குழு ஒன்றில் தேர்வுக்கு வாசித்தேன். டிரம்மர் யோனாஸ் பாதியில் நிறுத்தினான். வரி முடியும் இடத்தில் ஏன் நிற்கிறாய், நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேனே என்றான். மறுபடியும் வாசித்தோம். மறுபடியும் நின்றேன். கை அதுவாக நின்றது.

“யாருக்காகக் காத்திருக்கிறாய்?” என்று கேட்டான்.

“பின்னால் இருப்பவர்களுக்காக” என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

யோனாஸ் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவரும் ஒரு தீயணைப்பானும் இருந்தன. அன்றைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் யோனாஸே அழைத்தான். வந்த மற்றவர்கள் எல்லோரும் சரியாக வாசித்தார்களாம், பாட்டு செத்துக் கிடக்கிறதாம். அந்தக் குழுவோடு நான்கைந்து தேசம் சுற்றினேன். வயிறும் வயதும் வேன் பயணத்துக்கு ஒத்துவராமல் போனபிறகு, ஒரு பழைய அச்சகத்தின் நிலவறையில் ஸ்டுடியோ போட்டுத் தயாரிப்பாளன் ஆனேன். இப்போது இளம் குழுக்கள் என்னிடம் வந்து, அந்தத் தாமதம் எங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். அது ஒரு பாணி என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. உண்மையில் அது எங்கள் ஊர்க் கீர்த்தனைப் பழக்கம், விட முடியாமல் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் அக்கா பேசினாள். அக்கா கூட்டுறவு வங்கியில் வேலைபார்க்கிறாள், அம்மாவோடு இருக்கிறாள், சபையில் கீபோர்டு வாசிப்பவளும் அவள்தான். “எலே, அம்மைக்கு காது கேக்கேல்ல. குக்கர் விசிலு நாலு அடிச்சாலும் அனங்காம இருக்கு. நீ வந்தா கூட்டிட்டு போலாம்.” விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு காது மருத்துவர் அம்மாவை அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு ஒரு வரைபடத்தை நீட்டினார். விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் படித்துவிட்டேன். இப்படிப்பட்ட கோடுகளைத் தினமும் திரையில் வரைந்து அழிப்பதுதானே என் வேலை. இடப்பக்கம் கோடு நேராகப் போனது. அது கனத்த ஒலிகளின் பக்கம். நடுவில் சரியத் தொடங்கி வலப்பக்கம் பாதாளத்தில் விழுந்தது. குக்கர் விசில், கிளி, சிம்பல், அக்காவின் கீபோர்டில் மேல்பாதி, பேச்சில் பாதி எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. இடி மிச்சம் இருக்கிறது. பேருந்து எஞ்சின் மிச்சம் இருக்கிறது. நான் வாசிப்பது எல்லாம் அந்த இடப்பக்கம்தான். அந்த அறையில் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். பெற்ற தாய்க்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, மகன் உள்ளுக்குள் சிரிக்கிறான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம்மவர்கள் சொல்லிவைத்தார்கள். சங்கை வைத்துவிட்டு முரசை அடித்துப் பார்த்திருந்தால் பழமொழி வேறாக இருந்திருக்கும்.

காதுக்கருவி வாங்கினோம். அது பேச்சைக் கூர்மையாக்கித் தரும். இரைச்சல் என்று நினைத்துக் கனத்த ஒலிகளை மெலியவைக்கும். அது நியாயம்தான். அம்மா முதலில் கேட்க வேண்டியது பால்காரரையும் அக்காவையும்தான், என்னையல்ல. ஆனால் சபையில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது கருவி காதுக்குள் கீச்சிட்டது. எனவே பாட்டு தொடங்கியதும் அம்மா அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். அதைக் கவனித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

நான் திரும்புவதற்கு முந்தின நாள் சபையின் ஆண்டுவிழா நாளாக அமைந்தது. மைக் செட்டுக்காரர் சசி அண்ணன் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் ஒரு திருவிழா முடித்து, ஆள் உயரப் பாக்ஸ்களை அப்படியே எங்கள் தேவாலய முற்றத்தில் இறக்கினார். “ரெண்டு சப் உள்ள வைக்கணும் அண்ணா” என்றேன், கனத்த ஒலிக்கென்றே உள்ள பாக்ஸ்களைக் காட்டி. “பள்ளிக்குள்ளயா? ஓடு எளகும் கேட்டியா” என்று தேவாலயக் கூரையைக் காட்டியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துக்கொடுத்தார். ஒன்றைப் பெண்கள் பக்கம், அம்மா உட்காரும் பெஞ்சுக்கு நேரே திருப்பினேன். போதகரிடம் அக்கா பேசி அனுமதி வாங்கியிருந்தாள். கீபோர்டுக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு நின்றேன். ஐரோப்பாவில் எத்தனையோ மேடை ஏறியவன், வேட்டி கட்டிய இருநூறு தெரிந்த முகங்களுக்கு முன்னால் சரியாக இருந்த சுருதியையே மறுபடி மறுபடி சரிபார்த்தேன்.

முதல் கீர்த்தனை தொடங்கியது. அம்மா கருவியைக் கழற்றினார். நான் அடிச்சுரத்தைத் தொட்டதும் பெஞ்சுப் பலகைகள் அதிர்ந்தன. சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுற்றிப் பார்த்தார், பாக்ஸைப் பார்த்தார், பிறகு என் விரல்களைப் பார்த்தார். அடுத்த சுரத்துக்கு நான் விரல் மாற்றினேன். அவர் தலை அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார்.

வரி முடிவு வந்தது. வழக்கப்படி எல்லோரும் நின்றோம். பின்பெஞ்சுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள், அம்மா ஓயவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் அதே சுரத்தில் நின்றார். அவர் நிற்கும்வரை நான் விடக்கூடாது. சபையின் முறை அப்படி. கொஞ்சம் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. நான் விடாததால்தான் அவரும் விடவில்லை. அவருக்குக் கேட்பது நான் மட்டும்தான். நான் நிற்கிறேன் என்றால் யாரோ இன்னும் வந்து சேரவில்லை என்றுதானே அவர் நினைப்பார்? யாரோ ஒருவருக்காக அவர் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன். தேவாலயம் முழுக்க எங்கள் இரண்டு பேர் சத்தம் மட்டும். பாட்டுக்குழுவில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். போதகர் தொண்டையைச் செருமினார்.

“விடு மக்கா” என்றாள் அக்கா, உதட்டசைவில். “அடுத்த வரி.”

எனக்கு விட மனமில்லை. அதுவரை வாசித்ததிலேயே அதுதான் எனக்குப் பிடித்த சுரம், வெறும் ஒற்றைச் சுரம். ஆனாலும் ஒரு சபையையே எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது? கம்பியிலிருந்து விரலை எடுத்தேன். அக்கா அடுத்த வரியைத் தொடங்கினாள், சபை அவளோடு போயிற்று, நானும் போனேன். அம்மா மட்டும் பழைய சுரத்தில் ஒரு நொடி தனியாக நின்றுவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது என் கையைப் பிடித்தார்.

“ஏம் மக்கா நிறுத்தின? நல்லா கேட்டுதே.”

“எல்லாரும் காத்து நிக்கியாவல்லா அம்மா” என்றேன். கருவி இன்னும் பைக்குள்தான் இருந்தது. என் வாயைப் பார்த்துவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா பையிலிருந்து கருவியை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டாள்.

“ஒனக்க ஃபிளைட்டு எப்பளாக்கும்?” என்று கேட்டார் அம்மா.

“நாளைக்கு காலத்த” என்றேன். அது அவருக்கு முதல் தடவையிலேயே கேட்டது.