லடாக் குளிர், திண்டிவனத்தில்

திண்டிவனம் பைபாஸ், நடுப்பகல். லடாக்கிலிருந்து பதினோராவது நாளாக பைக் ஓட்டி வருகிறேன். விழுப்புரத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான். ஆனால் க்ளட்ச் பிடிக்கும் கை மரத்துப்போய்விட்டது. மேம்பாலத்து நிழலில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, விற்கும் ஒரு அம்மாவின் அருகே வண்டியை நிறுத்துகிறேன்.

சேறு காய்ந்த பைகளைப் பார்த்து, “எங்கேருந்து தம்பி வர்றீங்க?” என்கிறார்.

“லடாக்கும்மா.”

மல்லாட்டை அள்ளிய கை அப்படியே நிற்கிறது. “மிலிட்டிரியா?”

“இல்லம்மா. சும்மா சுத்திப் பாக்கப் போனேன்.”

“சும்மாவா?”

அந்த ஒரு சொல்லில் உடம்பு அலுப்பு இன்னும் கூடுகிறது. அவருடைய மகன் அங்கேதான் ராணுவத்தில் இருக்கிறானாம்.

“குளிரு எப்படி தம்பி இருக்கும்?”

ஒரு கணவாயில் கையுறைக்குள் விரல்கள் எரிய, வண்டியை ஓரங்கட்டி நான் அழுதது நினைவுக்கு வருகிறது.

“நம்ம மார்கழி மாதிரிதாம்மா. ஒரு ஸ்வெட்டர் போதும்.”

அவர் என் தோலுரிந்த மூக்கை, வெடித்த உதடுகளை, கறுத்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பிறகு பொட்டலத்தை நீட்டுகிறார்.

“எம் புள்ளயும் போன்ல இதையேதான் சொல்லிக்கினு இருக்கான்.”