நோர்வூட்டில் மகளைக் குளவி கொட்டிய அன்று

டொரொண்டோவில் எங்கள் வீட்டுக்கு எதிரிலுள்ள பார்க்கில், ஜூஸ் டின்னின் விளிம்பில் குளவி உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு ஜேனட் அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறாள். சென்ற வாரம் நான் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். ஜேனட் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று, "என் சாண்ட்விச் அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள்.

ஆகஸ்டில் நடந்ததை அவளுக்கு எப்படிச் சொல்வேன்! இலங்கையில், நோர்வூட்டில் அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கு மகள் மதுராவைக் கூட்டிப்போயிருந்தேன். "குளவி! படுங்க!" என்று அக்கா கத்தினாள். மலையில் எல்லோரும் தேயிலைச் செடிகளுக்கடியில் விழுந்து, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். யோசிக்கும் முன்பே நானும் விழுந்துவிட்டேன். கனடாவில் வளர்ந்த மதுராவோ கைகளை வீசிக்கொண்டு ஓடினாள். குளவிக் கூட்டம் முழுவதும் அவள் பின்னால் போய்க் கொட்டியது.

லயத்து வீட்டுக்கு வந்ததும் அக்கா வெற்றிலைச் சுண்ணாம்பை மதுராவின் கையில் அப்பத் தொடங்கினாள்.

"வேணாங்கா, தோலு வெந்துரும்! சவுக்காரம் குடு!"

"கனடா போனதும் சுண்ணாம்பு ஆகாமப் போச்சோ மகாராணிக்கு?"

திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். சோப்புப் போட்டுக் கழுவினேன். அக்கா ஆசையாய்ப் போட்டுவிட்ட வளையல்களை, கை வீங்குமுன் கழற்றினேன். அக்கா கடைக்கு ஓடி ஐஸ் பாக்கெட் வாங்கிவந்தாள். துணியில் சுற்றி ஒத்தினேன். நாங்கள் நானா என்றழைக்கும் கடைக்கார முஸ்லிம் அண்ணனும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, புள்ளட ஒதட்டப் பாருங்க."

உதடு தடித்திருந்தது. குரல் கம்மியிருந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியது. நானாவின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வளைவுக்கு வளைவு, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று கத்திக்கொண்டே போனேன். ஊசி போட்டதும் இழுப்பு அடங்கியது. அடங்கியே விட்டது! கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

ஊரிலும் வெளியிலும் இதை வாசிப்பவர்களே, கழுவுவதும் குளிர் ஒத்தடமும் வலிக்குத்தான். பல இடங்களில் கொட்டினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ வீட்டில் ஒரு நொடியும் நிற்காதீர்கள்.

மதுரா கண் திறந்து என் விரலைப் பிடித்தாள்.

"அம்மா, நான் கத்துனேனே. நீங்க ஏன் படுத்துக்கிட்டே இருந்தீங்க?"

"நீ ஏன்டி ஓடுன?" என்று அக்கா என் தோளைப் பிடித்தபடி அவளைக் கேட்டு அழுதாள்.

"குளவி வந்தாப் படுக்கணும்னு நான்தான் இவளுக்குச் சொல்லிக் குடுக்கல" என்று இருவருக்கும் சொன்னேன்.