குளத்துக்கரையில் ஒற்றை விசில்

நடப்பதற்கு லேசான பாதை ஒன்றைச் சொல்லச் சொன்னால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கரையைத்தான் சொல்வேன். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. மடையில் ஆரம்பித்துக் கரையோடு போனால் கலுங்கு வரும். மழைக்காலத்தில் உபரித் தண்ணீர் வழிகிற இடம், மற்ற நாளில் உட்கார நல்ல கல். அதைத் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கினால் மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வரும். அப்புறம் பழைய சுண்ணாம்புக்கல் குழிகள். யாரோ எப்போதோ கல் வெட்டிவிட்டுப் போனவை. தண்ணீர் தேங்கி ஒவ்வொன்றும் தனிக் குளமாகிவிட்டது. அவற்றைச் சுற்றி லாரித் தடம் உண்டு. சுற்றி வந்து திரும்பக் கரையேறினால் வீடு. மொத்தம் ஒரு மணி நேரம், சின்னப் பிள்ளைகூட நடந்துவிடும். இந்தப் பாதையில்தான் நான் ஆயுசுக்கும் பட வேண்டிய பயம் அத்தனையும் பட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகும் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். படியில் தொங்குகிறவனைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போனவன். ஓய்வுபெற்ற மறுவருஷமே நெஞ்சு அடைத்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டோடு உட்கார்ந்தேன். தினமும் நடக்க வேண்டும், சமதரையாகப் பார்த்து நடக்க வேண்டும், மலைக்கோட்டைப் படிக்கட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊருக்குள் நடந்தால் தெரிந்தவன் ஒவ்வொருத்தனும் நிறுத்தி வைத்து, அட்டாக்காமே என்று துக்கம் விசாரிப்பான். அதற்குப் பயந்துதான் குளத்துக்கரைக்குப் போனேன்.

எனக்குச் சாவென்றால் பயம். சொல்ல என்ன வெட்கம்? இடது கை மரத்தால் பயம். ஏப்பம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். என் பயத்துக்கு ஏற்ற மாதிரி வீடே நடந்தது. குழம்பில் உப்பு குறைந்தது, டிவி சத்தம் குறைந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் தினமும் போன் பண்ணி, அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்பான். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

நடக்கும்போது நான் முன்னால், என் மனைவி பத்தடி பின்னால். கல்யாணமான நாளிலிருந்து கடைத்தெருவானாலும் கோயிலானாலும் எங்களுக்கு அதுதான் வரிசை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அட்டை அவள் இடுப்பில் செருகிய பர்ஸில் இருக்கும். என் சட்டைப்பையில் பழைய கண்டக்டர் விசில். ஏற்பாடு என்னுடையது. ஒற்றை விசில் கொடுத்தால் எனக்கு ஏதோ ஆகிறது, அவள் மாத்திரையோடு ஓடி வர வேண்டும். ரெட்டை விசில் கொடுத்தால் ஒன்றுமில்லை, வண்டி போகலாம். இம்புட்டு வருஷ சர்வீஸில் கற்றதை இப்படி உபயோகப்படுத்துகிறேனே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அந்த விசிலை நான் எதற்கெல்லாம் ஊதியிருக்கிறேன்! தண்ணீர்ப்பாம்பு குறுக்கே ஓடியதற்கு ஊதினேன். குழியின் விளிம்பிலிருந்து கல் சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தத்துக்கு ஊதினேன். வெறும் வாயுவுக்கு எத்தனை தடவை ஊதினேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் ஓடி வந்தாள். பொங்கல் சமயத்திலிருந்துதான் கொஞ்சம் தாமதமாக வர ஆரம்பித்தாள். கலுங்குக் கல்லில் உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் செருப்பில் முள் என்பாள். நான் திரும்பிப் பார்க்காமலே திட்டிக்கொண்டு நடப்பேன். ஆடி அசைந்து வா, அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்பேன். அவளும் சரி சரி என்று எழுந்து வருவாள்.

மாசியில் ஒரு நாள் காலை. பெரிய குழியைப் பாதி சுற்றியிருந்தேன். நெஞ்சின் நடுவில் ஒரு இறுக்கம். வாயுதான் என்று பத்து எட்டு வைத்தேன். இறுக்கம் தோளுக்கு ஏறியது. சட்டை நனைந்துவிட்டது. இந்த வெள்ளைக் கல்லின் மேல்தான் என் சாவு என்று நினைத்தேன். ஒற்றை விசில் ஊதினேன். அவள் வரவில்லை. இன்னொன்று ஊதினேன். லாரித் தடத்தின் வளைவிலிருந்து, ஒரு கையால் முந்தானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அடி அடியாக வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்தாள். எல்லாம் பிதுக்கி எடுத்த காலி அட்டை.

"மாத்திரை எங்க?" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"நாந்தேன் போட்டேன்."

"நீயா? எதுக்கு?"

அவளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. "எனக்கும் வலிக்குதுங்க. ரெண்டு மாசமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க பயந்துருவீக."

போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். வண்டி தார் ரோடு வரைதான் வரும், கரையில் ஏறாது என்றார்கள். தார் ரோட்டுக்கு நாங்கள் வந்த வழியே திரும்பி அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

அப்போதுதான் தோட்டத்துப் பக்கமிருந்து பால்காரர் மொபெட்டில் வந்தார். தினமும் அந்த வழியில் பார்க்கிற மனிதர், என் நெஞ்சு அடைத்த கதை தெரிந்தவர். எங்களைப் பார்த்ததுமே கேன்களைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "ஏறுங்கண்ணே. ஒராளுதான் உக்கார முடியும். அக்கா செத்த நேரம் இருக்கட்டும், திரும்பி வாரேன்."

இனிமேல் சொல்லப்போவதை மகனிடம்கூட நான் சொன்னதில்லை. நான் எழுந்தேன். ஒரு காலைத் தூக்கி வண்டியில் போட்டும்விட்டேன். அவள் சொன்ன அத்தனையையும் கேட்ட பிறகுதான் போட்டேன். உயிர்பயம் அப்படிச் செய்தது. நான் ஏறுவதற்காக என் முழங்கையை யாரோ பின்னாலிருந்து தாங்கித் தூக்கிவிட்டார்கள். பால்காரர் முன்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் அவள்தான். அந்தக் கை ஐஸ் மாதிரி சில்லென்று, ஈரமாக இருந்தது.

காலை எடுத்துவிட்டேன். "அவளுக்குத்தானய்யா வலி. தார் ரோட்டுக்கு ஆம்புலன்ஸ் வருது, அவளக் கூட்டிட்டுப் போ," என்றேன்.

பால்காரருக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. என் துண்டால் அவளை அவர் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். வண்டி வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது. இரண்டு பால் கேன்களும் நானும் நின்றோம்.

அதற்கப்புறம் நடந்த நடைதான் நடை. வேகமாக நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ. போய்விட்டாள், போய்விட்டாள் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. குளத்தில் நாரைகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கரை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கலுங்குக்கு வந்ததும் மூச்சு வாங்கி, அவள் உட்காருகிற கல்லில் கையை ஊன்றினேன். கல் இடுக்கில் என்னவோ மின்னியது. மாத்திரை அட்டைகள். மடித்து மடித்து, வெளியே தெரியாதபடி செருகியிருந்தாள். முள் எடுத்த லட்சணம் அதுதான். என் நெஞ்சு இறுக்கம் எந்த இடத்தில் போயிற்றென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அன்றைக்கு வந்தது வெறும் வாயு.

அவள் பிழைத்தாள். இரண்டு இடத்தில் அடைப்பு. எத்தனை நாளாக வலி, எந்த நேரத்தில் வரும், நடக்கும்போதா, படுக்கும்போதா என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கூடவே தினமும் நடக்கிறீர்களே என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐசியு வாசலில் சட்டைப்பையில் கைவிட்டபோது விசில் அகப்பட்டது. பஸ்ஸில் விசில் யாரிடம் இருக்கும்? பின்னால் நிற்கிறவனிடம். முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவனுக்குப் பின்னால் யார் ஏறினார்கள், யார் விழுந்தார்கள் என்று தெரியாது. அதற்காகத்தான் விசிலே. முப்பது வருஷம் அதை ஊதிச் சம்பளம் வாங்கிய மடையனுக்கு, குளத்துக்கரையில் விசிலை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை.

இப்போது மறுபடி நடக்கிறோம். நீ முன்னால் போ என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாம்பு கிடந்தால் யார் பார்ப்பது, நீங்களே போங்கள் என்றுவிட்டாள். விசில் அவள் கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது, மாத்திரை என் சட்டைப்பையில். எனக்குப் பயம் விட்டபாடில்லை. முன்பு என் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். இப்போது பின்னால் வரும் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். அது ஒரு எட்டுத் தவறினாலும் என் எட்டும் தவறுகிறது.

போன வாரம், பெரிய குழியைப் பாதி சுற்றியிருந்தபோது, பின்னால் ஒற்றை விசில் கேட்டது.

திரும்பிய வேகத்தில் கால் மடங்கி விழப் பார்த்தேன். மாத்திரையைத் தேடிக் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. அவள் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள், நன்றாகத்தான் நின்றாள்.

"என்ன புள்ள? வலிக்குதா?"

"ஒண்ணுமில்லங்க. திரும்பிப் பாக்குறீகளான்னு ஊதிப் பாத்தேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விசிலை வாயில் வைத்து ரெட்டை விசில் கொடுத்த பிறகுதான் காலெடுத்து வைத்தேன்.